கம்பெனிச் செலவில் லாரிப் பயிற்சி: கையெழுத்துக்கு முன் கணக்கு

(கோவளத்தில் வாலிபர் கூட்டமொன்றில் நாம் பேசியதன் சாரம்)



இன்று பெரிய தத்துவம் எதுவும் பேசுவதாக நமக்கு உத்தேசமில்லை. கூட்டத்துக்கு வருமுன் இவ்வூர் வாலிபர் ஒருவர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு லாரிக் கம்பெனியார் தங்கள் செலவிலேயே அவருக்குப் பெரிய லாரி ஓட்டக் கற்றுக்கொடுப்பார்களாம். தங்க இடம், சாப்பாடு, லைசென்ஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பாம். அதற்குப் பதிலாக 2 வருஷம் அங்கேயே வேலை செய்வதாக இவர் கையெழுத்துப் போட வேண்டும். பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டுகளையும் ஒப்படைத்துவிட வேண்டும்.

அவருடைய தாயார், "சாமி கொடுத்த வழி, உடனே போடு" என்கிறாராம். தாய்மாமனோ, "கம்பெனிக்காரன் மோசக்காரன், போகாதே" என்கிறாராம். ஒருவர் சாமியை நம்பச் சொல்லுகிறார். மற்றவர் பயத்தை நம்பச் சொல்லுகிறார். காகிதத்தைப் படித்துப் பார் என்று சொன்னவர் மாத்திரம் ஒருவருமில்லை. ஆகவே அதை இப்போது நாம் எல்லோருமாகப் படித்துப் பார்ப்போம்.

முதலில், நம் நாட்டில் இதுவரை லாரி ஓட்டப் பழகியது எப்படி என்று பாருங்கள். பையன் கிளீனராக ஏறுவான். கண்ணாடி துடைப்பான், தார்ப்பாய் கட்டுவான், டிரைவருக்குச் சோறாக்குவான், துணி துவைப்பான், திட்டும் உதையும் வாங்குவான். இப்படிச் சில வருஷம் போன பிறகு, ஒருநாள் நடுராத்திரியில் டிரைவருக்குத் தூக்கம் வந்தால், ஆளில்லாத ரோட்டில் ஸ்டீரிங் இவன் கைக்கு வரும். இதற்குத் தொழில் பழகுவது என்று பெயர்! உண்மையில் இது கூலி குறைந்த ஊழியமும், லைசென்ஸில்லாத ஓட்டமும் சேர்ந்ததேயாகும். இரண்டாவது வழி, வட்டிக்குக் கடன் வாங்கிப் பயிற்சிப் பள்ளிக்குக் கட்டுவது. மூன்றாவதுதான் இந்தக் கம்பெனி வழி.

இந்த மூன்றாவது வழியை நாம் ஒரேயடியாகத் தள்ளவில்லை. முறையாகக் கற்பிக்கும் இடங்கள் நம் நாட்டில் இருக்கின்றன. அசோக் லேலண்டு கம்பெனி தமிழ்நாடு அரசாங்கத்தோடு சேர்ந்து 1995-ல் நாமக்கல்லில் டிரைவர் பயிற்சி நிலையம் ஏற்படுத்திற்று. மத்திய அரசாங்கம் 2021-ல் செய்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களில் கனரக வண்டிக்கு 6 வாரத்தில் 38 மணி நேரம் பாடமும் ஓட்டமும் சொல்லித்தர வேண்டும். ஆதலால் கம்பெனியாரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "என் கையில் ஸ்டீரிங் எத்தனை மணி நேரம் இருக்கும்?" நாலு நாள் முற்றத்தில் வண்டியைச் சுற்றவிட்டு, ஐந்தாம் நாள் ஒரகடத்திலிருந்து எண்ணூருக்குக் கன்டெய்னர் ஏற்றி அனுப்புகிறவர்கள் உங்களுக்கும் எதிரே வருகிறவனுக்கும் எமனாவார்கள். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவது அங்கே உதவாது. புறப்படுமுன் பிரேக்கின் காற்றழுத்த முள்ளைப் பார்க்கக் கற்றவன்தான் வீடு திரும்புவான்.

இனி "இலவசம்" என்ற வார்த்தைக்கு வருவோம். தோழர்களே, லாபத்துக்காக நடக்கும் ஒரு கம்பெனி எதையும் இலவசமாகக் கொடுக்காது. கொடுக்க வேண்டுமென்று நாம் எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. கம்பெனி என்பது உங்கள் ஊருக்குப் புதிதுமல்ல. 18-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஆஸ்டெண்டு கம்பெனி என்ற ஐரோப்பியக் கம்பெனி இந்தக் கோவளத்தில் கிடங்கு வைத்து வியாபாரம் செய்தது. 1727-ல் அதன் உரிமை நிறுத்திவைக்கப்பட்டது. 1731-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது. லாபம் உள்ளவரை கம்பெனி இருக்கும். அதைத் தாயென்று நினைப்பதும் தவறு, பேயென்று நினைப்பதும் தவறு. அது ஒரு வியாபாரி. வியாபாரியிடம் விலை கேட்பதில் வெட்கமென்ன?

விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கணக்குப் போடுங்கள். பயிற்சிக்கு வெளியில் 30,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மற்ற இடத்தில் அதே வேலைக்கு மாதம் 20,000 ரூபாய், இந்தக் கம்பெனியில் 17,000 என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 குறைவு. 24 மாதத்துக்கு 72,000. 30,000 ரூபாய்ச் சரக்குக்கு 72,000 கொடுத்துவிட்டு, "இலவசமாய்க் கற்றேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்! அதே கம்பெனி முழுச் சம்பளம் கொடுத்து, நடைக்கு நடை பேட்டாவும் ஒழுங்காகக் கொடுக்குமானால், 2 வருஷம் இருப்பதில் நஷ்டமில்லை, அனுபவமும் சேரும். ஆகவே சம்பளமும் பேட்டாவும் எவ்வளவு, பயிற்சிக் காலத்தில் என்ன கிடைக்கும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வேலை நேரமும் அப்படியே. 1961-ல் செய்யப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற அளவு எழுதப்பட்டது. இராப்பகலாய் ஓட்டுவதே வீரம் என்று சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள்.

நடுவில் விலகினால் என்ன ஆகும்? சிலர், "பாண்டு எழுதினால் என்ன, கோர்ட்டில் செல்லாது" என்று தைரியம் சொல்லுவார்கள். அது பிசகு. குறிப்பிட்ட 3 வருஷத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஷரத்து செல்லும் என்று விஜயா பாங்கு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2025 மே மாதத்தில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வேறு சிலர், "கையெழுத்துப் போட்டால் தலையே போய்விடும்" என்பார்கள். அதுவும் பிசகு. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி, பத்திரத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும், அதற்குட்பட்ட நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும். ஒருவன் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 27-வது பிரிவு சொல்லுகிறது. ஆகையால் வேலையைவிட்டு விலகிய பிறகும் வேறெங்கும் வண்டி ஓட்டக்கூடாதென்று எழுதியிருந்தால் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் கேட்க வேண்டியது இது: "பாதிக் காலம் வேலை செய்து விலகினால் பாதித் தொகைதானே?" அப்படி மாதாமாதம் கடன் தேய்ந்துவருவதாக எழுதச் சொல்லுங்கள். 23-வது மாதத்தில் விலகினாலும் முழுத் தொகை என்றால், அது செலவுக்குப் பரிகாரமல்ல, காலில் விலங்கேயாகும்.

சர்டிபிகேட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பணம் கொடுத்துவிட்டு, அதைக் காட்டியே செங்கல் சூளையில் குடும்பங்களைக் கட்டிப்போட்ட வழக்கம் நம் பக்கத்துக்குத் தெரியாததல்ல. அதை ஒழிக்கத்தான் 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அன்று கடன் கணக்கு செய்த வேலையை இன்று பெட்டியில் பூட்டிய சர்டிபிகேட் செய்யலாம். நகல் கொடுங்கள்; அசலைக் கொடுக்காதீர்கள். லைசென்ஸோ சர்க்கார் உங்கள் பேருக்குக் கொடுப்பது. ரோட்டில் போலீஸார் கேட்டால் காட்ட வேண்டியவர் நீங்கள். அதை முதலாளி வாங்கிப் பூட்டிவைக்க நியாயமே இல்லை.

இவ்வளவும் கேட்டால் கம்பெனியார் "வேண்டாம், போ" என்று சொல்லிவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். சொல்லலாம். அதனால்தான் அவசரமில்லாமல் போகவேண்டும் என்கிறோம். சரக்கு வண்டி ஓட்ட 20 வயது ஆக வேண்டும். அதற்குப் பழகுநர் லைசென்ஸ் வாங்க இலகு வண்டி லைசென்ஸ் ஒரு வருஷமாவது இருந்திருக்க வேண்டும். ஆகவே 18 வயதானவர் இன்றே இலகு வண்டி லைசென்ஸை எடுத்துவிடுங்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை அந்த லைசென்ஸோடேயே ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. 20 வயதில் கேளம்பாக்கத்திலே சின்ன வண்டி ஓட்டிச் சாப்பிட வழியுள்ளவன், பெரிய கம்பெனியாரின் மேஜைக்கு முன் நிமிர்ந்து உட்காருவான். பசியோடு போகிறவன்தான் படிக்காமல் கையெழுத்துப் போடுவான்.

படிப்பில்லாதவர்களுக்கும் வழி அடைபடவில்லை. 8-ம் வகுப்புத் தேறியிருக்க வேண்டுமென்ற விதி 2019-ல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் படிக்கத் தெரியாதவர், பத்திரத்தைத் தமக்கு வேண்டிய ஒருவரைக்கொண்டு தமிழில் படிக்கச் சொல்லிக் கேட்டு, ஒரு நகலையும் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். தாய்மார்களும் இது ஆண்பிள்ளை சங்கதி என்று இருந்துவிட வேண்டாம். குமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-லேயே அரசாங்கப் பஸ்ஸின் ஸ்டீரிங்கைப் பிடித்தார். எந்தத் தொழிலும் எந்தப் பிறப்புக்கும் எழுதிவைத்ததல்ல என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

காகிதத்தைக் காட்டிய தோழருக்கு நாம் சொல்லுவது இதுதான். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. எத்தனை மணிப் பயிற்சி, என்ன சம்பளம், விலகினால் எவ்வளவு, அசல் காகிதம் யார் கையில் என்ற இந்த நாலு கேள்விகளையும் நாளைக்கே போய்க் கேளுங்கள். பதிலை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்கு வந்து தாயாரையும் மாமனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காகவும் எதையும் ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் தாராளமாகக் கையெழுத்துப் போட்டு, நல்ல டிரைவராகுங்கள். படவில்லையானால், காகிதத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.