வியர்வையும் படபடப்பும்: தைராய்டு மிகைச் சுரப்பு



இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடலோரத்தில் வியர்ப்பது எவருக்கும் வியப்பன்று. துறைமுகத்தில் சரக்கு இறக்குபவரும், ஆலையில் உலைமுன் நிற்பவரும், அடுப்படியில் பகலைக் கழிக்கும் இல்லத்தரசியும் வியர்க்கின்றனர், மாலையில் களைத்துப்போகின்றனர். தைராய்டு மிகைச் சுரப்பு என்னும் நோய்க்கு இங்கு ஒளிந்திருக்க இடம் கிடைப்பது இதனால்தான். வெயிலும் வேலையும் தரும் அடையாளங்களையே அதுவும் தருகிறது.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. உணவிலுள்ள அயோடினைக் கொண்டு அது ஆக்கும் சுரப்புநீர், உடல் எரிபொருளைச் செலவிடும் வேகத்தை வகுக்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச். என்னும் ஆணையை அனுப்பி அதனை அளவோடு வைத்திருக்கும். உடலின் எதிர்ப்பாற்றலே தவறி, அந்த ஆணையைப் போல் நடிக்கும் ஒரு புரதத்தை உண்டாக்கினால் சுரப்பி ஓயாமல் சுரக்கும். டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் விவரித்த இந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியும் பற்றுகிறது. சுரப்பியில் தோன்றும் கட்டிகள், சுரப்பியின் அழற்சி, தைராக்சின் மாத்திரையை அளவு மீறி உட்கொள்ளுதல் ஆகியவையும் காரணங்களாகும்.

வெயிலின் வியர்வையையும் நோயின் வியர்வையையும் பிரித்தறிய வழி உண்டு. மார்கழி இரவில் வீட்டார் போர்த்திக்கொள்ள, ஒருவர் மட்டும் மின்விசிறியை நாடுவார். உழைப்பின் படபடப்பு உட்கார்ந்தால் தணியும். இதுவோ உறங்கும்போதும் விரைந்தோடும். கையை நீட்டி விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தால் நடுக்கம் கண்ணுக்குத் தெரியும். மலம் அடிக்கடி கழிதல், மாதவிலக்குக் குறைதல், கண்கள் பிதுங்குதல், காரணமற்ற சினம் ஆகியவையும் சேரலாம். முதியோரிடம் இவை எதுவுமின்றி, சோர்வும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பும் மட்டுமே காணப்படலாம். அத்துடிப்பால் இதயத்தில் உறையும் இரத்தக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும்.

உடல் மெலிவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நோன்புக் காலத்தில் எடை குறைவது இயல்பு. பாரணைக்குப் பின் வயிறார உண்டும், பசி மிகுந்தும், எடை மேலும் இறங்குமாயின் அது நோன்பின் பயனன்று. இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். நோய் உறுதிப்பட்டவர் மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் ஏற்பதும் தகாது. கார்பிமசோல் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை போதுமாதலால் பகலிலேயே உட்கொள்ளலாம். இரவு உண்ணாமைக்கு அது இடையூறன்று. நீரும் அருந்தா நோன்பாயின் முன்னதாகவே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

டி.எஸ்.எச். தாழ்ந்து, டி-4 அல்லது டி-3 உயர்ந்திருந்தால் நோய் புலனாகும். முடி வளர்ச்சிக்கென விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகள் இம்முடிவைப் பொய்யாக்கவல்லவை. அவற்றை உண்பவர் முன்னரே சொல்லிவிட வேண்டும். பலரும் இதனை மருந்தாக எண்ணாததால் சொல்வதில்லை.

கிரேவ்ஸ் நோய்க்குக் கார்பிமசோல் வழக்கமாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை தரப்படும். படபடப்பைப் புரோப்ரனலால் அடக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆகாது. கார்பிமசோல் உண்பவருக்குக் காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தால் மருந்தை உடனே நிறுத்தி, அன்றே வெள்ளணுக்களைச் சோதிக்க வேண்டும். அரிதாக அவ்வணுக்கள் அறவே குறைந்து உயிருக்கே ஊறு நேரலாம். கருவுற நினைக்கும் பெண் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறினால் மருந்தை மாற்றித் தருவர். நோய் திரும்பினால் கதிரியக்க அயோடின் உண்டு; கருவுற்றவருக்கும் பாலூட்டுவோருக்கும் அது கூடாது. அறுவை மருத்துவமும் உண்டு. இவ்விரண்டின் பின்னும் பலர் வாழ்நாள் முழுதும் தைராக்சின் உண்ண நேரும். கண் பிதுங்கியவர் புகைப்பதை விடாவிடில் கண்ணோய் முற்றும்.

1782இல் பஞ்சத்தில் வாடியோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததே இராயபுரத்தை அடுத்துள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே முதியோர் அதனை அழைப்பர். வெயில்தான் காரணம் என்று வீட்டிலிருப்போர், அங்கு ஒருநாள் காலை புறநோயாளிச் சீட்டு எடுத்தால் ஐயம் தீரும்.