வெறுந்தட்டு அனுப்பாத வீடுகள்

(நூற்றாண்டு விழா மதிய உணவு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"உணவும் உறவும்" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன் பேச விட்டிருப்பதால் நீட்டமாட்டேன். கறி வாசம் எனக்கும் வருகிறது.

நம் ஊரில் சமையலறையைக் குசினி என்போம். அது போர்த்துக்கேயரின் சொல். காலையில் வாங்கும் பாணும் அவர்கள் விட்டுப்போன சொல்தான். நம் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியவர்களும் அவர்களே. நாம் சம்பல் இடிக்கும் செத்தல் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்களின் கப்பல்கள் வழியாகத்தான் ஆசியாவுக்கு வந்தது. சித்திரை வருடப் பிறப்புக்குச் சிங்கள வீடுகளில் பொரிக்கும் கொக்கிஸ் ஒல்லாந்தரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெருநாள் வட்டிலப்பத்தை இந்நாட்டுக்குத் தந்தவர்கள் மலாயர் என்பார்கள். ஆழமான துறைமுகம் உள்ள ஊர் என்பதால் எல்லோரும் இங்கே வந்தார்கள். ஆண்டவர்கள் போனபின்பும் அவர்களுடைய பண்டமும் பெயரும் நம் அடுப்படியில் தங்கிவிட்டன.

ஆனால் ஒரே பண்டத்தை உண்பதால் மட்டும் மனிதர் ஒன்றாகிவிடுவதில்லை. அப்படியானால் நம் மாவட்டம் பட்ட பாடு பட்டிருக்காது. உணவு உறவாவது வேறொரு வழியில். அதை நான் கற்றது என் அம்மாவிடம்.

உள்துறைமுகப் பக்கத்தில் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. வலப்புறம் ஒரு முஸ்லிம் குடும்பம். இடப்புறம் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு சிங்களவரின் குடும்பம். விசேஷ நாட்களில் துணியால் மூடிய தட்டுகள் வேலிக்கு மேலால் போய்வரும். வந்த தட்டை வெறுமனே திருப்பக்கூடாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது வைக்க வேண்டும்.

தைப்பொங்கலன்று அம்மா பொங்கலை இறக்கியதும், சூரியனுக்குப் படைக்கும் முன்பே ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுவார். "படைச்சதை உம்மா வீட்டில் சாப்பிடமாட்டினம், பிள்ளை" என்பார். உம்மாவும் அப்படித்தான். நோன்புப் பெருநாள் வெள்ளிக்கிழமையில் வந்தால் வட்டிலப்பம் எங்களுக்குச் சனிக்கிழமைதான் வரும். அதில் முட்டை இருக்கிறது, நாங்கள் வெள்ளியில் சைவம் என்பது அவருக்குத் தெரியும். இடப்பக்கத்து அக்கா போயா நாளில் சில் அனுட்டிப்பார், நண்பகலுக்குப் பின் உண்ணமாட்டார். ஆகவே அவருக்குரிய தட்டு பதினொரு மணிக்கு முன்பே போய்விடும். நோன்பு மாதத்தில் பகலில் மீன் பொரித்தால் அம்மா வலப்பக்கத்து யன்னலைச் சாத்திவிடுவார்.

அடுத்த வீட்டார் எதை விரும்பி உண்பார்கள் என்பதைவிட, எதை உண்ணமாட்டார்கள், எப்போது உண்ணமாட்டார்கள் என்பதை அந்தப் பெண்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். மேடை போட்டு எவரும் அவர்களுக்கு ஒற்றுமை கற்பிக்கவில்லை.

நம் வகுப்பறையும் அப்படித்தான் இருந்தது. இடைவேளை மணி அடித்ததும் சாப்பாட்டுப் பெட்டிகள் வட்டமாக வரும். ஒருத்தியின் பிட்டு, இன்னொருத்தியின் இடியப்பமும் சொதியும், தம்பலகாமத்துப் பிள்ளை கொண்டுவரும் புதுநெல் அரிசிச் சோறு. கிண்ணியாவில் 2009 இல் பாலம் திறக்கும்வரை கடலைப் பாதையில்தான் கடக்க வேண்டும். அந்தப் பாதையில் எருமைத் தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்த தோழி ஒருத்தி இந்த மண்டபத்திலேயே இருக்கிறாள். அன்று கித்துள் பாணி போதவில்லை என்று சண்டை பிடித்தவர்களும் இருக்கிறார்கள்.

1990 யூன் மாதம் மீண்டும் போர் மூண்டது. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சிய காலம் அது. ஒருநாள் உம்மா வீட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. எங்கே போனார்கள் என்று கேட்கவும் ஆளில்லை. அடுத்த கிழமை நாங்களும் புறப்பட்டோம். கடைசிப் பெருநாளுக்கு அவர்கள் தந்த நீலக்கரைப் பீங்கான் எங்கள் குசினியில் இருந்தது. "அடுத்தவீட்டுச் சாமான், விட்டிட்டுப் போகேலாது" என்று அம்மா அதைச் சேலைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டார். முகாமில் தட்டில்லாமல் வாழை இலையில் உண்ட நாட்களிலும் அதை எங்களுக்குத் தரவில்லை.

பின்பு 2004 மார்கழி 26. கடல் கிண்ணியா ஆஸ்பத்திரியைக்கூட விட்டுவைக்கவில்லை. ஊருக்குத் திரும்பியிருந்த நாங்கள் ஒழுங்கைப் பெண்கள் எல்லோருமாகச் சோற்றுப் பார்சல் கட்டினோம். யாரோ கோழி வாங்கலாம் என்றார்கள். அம்மா சொன்னார்: "கோழி எண்டால் ஹலால் பாக்க வேணும். மீன் இப்ப ஒருத்தருக்கும் மனம் வராது. பருப்பும் கத்தரிக்காயும் வையுங்கோ." பதினான்கு ஆண்டுகள் தட்டுப் போகவும் இல்லை, வரவும் இல்லை. ஆனாலும் அம்மா ஒன்றையும் மறந்திருக்கவில்லை.

தோழியரே, இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் உங்கள் பக்கத்து வீடுகளில் பல தேசத்தவர் இருக்கிறார்கள். பல இனத்துப் பலகாரமும் கடையில் கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்கியதற்குத் தட்டுத் திருப்பத் தேவையில்லை. அதனால் பக்கத்து வீட்டாரை அறியவும் தேவையில்லாமல் போகிறது. நம் சங்கத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கு வெளியே கற்ற ஒரு பண்டத்தின் செய்முறையை எழுதி அனுப்புங்கள். அதைக் கற்பித்தவர் யார், அவருக்கு நீங்கள் திருப்பிக் கொடுத்தது என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இன்று நம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் அதை வாசிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. உம்மாவின் மூத்த மகளும் இக்கல்லூரியில் என்னோடு படித்தவள். எங்கே இருக்கிறாள் என்று இன்னும் அறியேன். இந்த மலர் அவள் கைக்குக் கிடைக்குமானால், அவளுக்கு ஒரு செய்தி: உங்கள் நீலக்கரைப் பீங்கான் என் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. விளிம்பில் சிறு உடைவு, அது எங்கள் பிழை. அம்மா இப்போது இல்லை. நான் கொண்டுவந்து தருகிறேன். வெறுமனே தரமாட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், நீ எப்படியும் வட்டிலப்பம் செய்வாய்.