வறுமையை அளக்கும் கோல்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வறுமை கொடியது என்பதை எடுத்துரைக்க ஒருவர் மேடையேற வேண்டுவதில்லை; யாவரும் அறிந்ததே. ஆயின் ஓர் ஊரில் வறியோர் எத்துணைப் பேர், அவர்க்கு இல்லாதன யாவை, அவ்வில்லாமை அவர்தம் உடலையும் ஆயுளையும் எவ்வளவு குறைக்கின்றது என்று வினவினால், விடை கூற வல்லார் மிகச் சிலரே. நோயின் அளவறியாத வைத்தியன் மருந்தின் அளவையும் அறியான். ஆதலின் வறுமையை அளக்கும் முறை குறித்துச் சில கூற விழைகின்றேன்.

லண்டன் மாநகரில் நூற்றுக்கு 30 பேர் வறுமையில் உழல்கின்றனர் என்று சார்லஸ் பூத் என்பார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கணக்கிட்டுரைத்தார். பெருநகரத்தின் கேடு சிற்றூர்களில் இராதென்று பலர் தம்மைத் தேற்றிக்கொண்டனர். அஃது உண்மையோ என ஆராயப் புகுந்தவர், இங்கிலாந்தின் யார்க் நகரத்துச் சாக்லெட் ஆலைக் குடும்பத்திற் பிறந்த சீபோம் ரவுண்ட்ரீ. 1899-ஆம் ஆண்டில் அவர் அந்நகரத் தொழிலாளர் வீடுகளை ஒவ்வொன்றாய் விசாரிப்பித்தார். 11,560 குடும்பங்களும் 46,754 மக்களும் அக்கணக்கில் அடங்கினர்.

அவர் வகுத்த அளவுகோல் எளியது. உடல் உழைக்கத்தக்க நிலையில் இருத்தற்கு வேண்டும் உணவு, உடை, எரிபொருள், வாடகை போன்ற இன்றியமையாதவற்றை மட்டும் கூட்டினார். பெற்றோரும் மூன்று மக்களும் கொண்ட குடும்பத்திற்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் என முடிந்தது. இத்தொகையில் ஒரு தபால் தலைக்கோ, செய்தித்தாளுக்கோ, குழந்தையின் விளையாட்டுப் பொம்மைக்கோ இடமில்லை. இவ்வளவு கடுமையான கோலால் அளந்தும், நகர மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 10 பேருக்கு இத்தொகைதானும் வருவாய் இல்லை. வருவாய் சற்றே இருந்தும், அதிற் பிற செலவுகள் புகுந்தமையால் வறுமையில் வாழ்ந்தோர் மேலும் 18 பேர்.

வறியோர் சோம்பேறிகள் என்னும் வசை எந்நாட்டிலும் உண்டு. வருவாயே போதாதவர்களின் நிலைக்குக் காரணம் யாதென அவர் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 52 பேர் ஒழுங்காக வேலை செய்தும் கூலி போதாத குடும்பத்தினர். 22 பேர் மக்கட்பேறு மிகுந்த குடும்பத்தினர். 16 பேர் சம்பாதிப்பவனை இழந்த குடும்பத்தினர். வேலையின்மையால் வாடியோர் நூற்றுக்கு 2 பேர் அளவினரே. எண்கள் அவ்வசையைப் பொய்யாக்கின.

இனி அவ்வில்லாமையின் விளைவைக் கேளுங்கள். தொழிலாளர் பகுதிகளுள் மிக வறிய பகுதியில் ஆண்டொன்றுக்கு ஆயிரவர்க்கு 27.78 பேர் மாண்டனர். வசதி மிக்க தொழிலாளர் பகுதியில் 13.49 பேர். ஒரே நகரம், ஒரே காற்று. சாவு மட்டும் இருமடங்கு! வறிய பகுதியிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 247 ஓராண்டு நிறையுமுன் மறைந்தன. 13 வயதுச் சிறுவர்களை நிறுத்தி அளந்தபோது, வறிய வீட்டுப் பிள்ளை வசதியுள்ள தொழிலாளி வீட்டுப் பிள்ளையினும் மூன்றரை அங்குலம் குட்டையாயிருந்தான். தட்டில் குறைந்த உணவு எலும்பிலே கணக்கெழுதிவிடுகின்றது.

தொழிலாளியின் வாழ்வில் குழந்தைப் பருவம், தான் சிறுபிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் பருவம், முதுமை ஆகிய மூன்று காலங்களில் வறுமை வந்து பிடிக்கின்றது என்பதும் அவர் கண்ட உண்மை. 1908-இல் 70 வயது கடந்த வறிய முதியோர்க்கு உதவிச் சம்பளமும், 1945-இல் குழந்தைகள் உள்ள குடும்பங்கட்குப் படியும் அந்நாட்டிற் சட்டமாயின. துன்பம் எப்பருவத்தில் நேர்கின்றது என்பது விளங்கினால், உதவியை எங்கே செலுத்துவது என்பதும் விளங்கும்.

பிற்காலத்தார் இக்கோலை விரித்தனர். தன் சமுதாயத்தார் வழக்கமாகத் துய்க்கும் வாழ்வில் பங்குகொள்ள இயலாமையும் வறுமையே என்று பீட்டர் டவுன்சென்ட் 1979-இல் விளக்கினார். 2010-இல் ஆக்ஸ்போர்டு அறிஞரும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தாரும் உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் என்னும் மூன்று துறைகளில் 10 குறிகளை வைத்து ஓர் அளவை ஏற்படுத்தினர். நம் நாட்டு நிதி ஆயோக் அதனோடு தாய்மார் நலம், வங்கிக் கணக்கு இரண்டையும் சேர்த்தது. அக்கணக்கின்படி பல்வகை வறுமையுற்றோர் 2015-16-இல் நூற்றுக்கு 24.85 பேர், 2019-21-இல் 14.96 பேர்.

சங்கத்தாராகிய நமக்கு இதனாற் பெறும் பாடம் யாது? சராசரியை நம்பலாகாது என்பதே. பத்து வீடுகளில் ஒரு வீட்டார்க்கு மாதம் 1,00,000 ரூபாயும் ஒன்பது வீட்டார்க்குத் தலைக்கு 5,000 ரூபாயும் வருவதாயின், சராசரி 14,500 ரூபாய். அவ்வெண்ணைக் கண்டு மகிழலாம். ஒன்பது வீட்டின் அடுப்பு அம்மகிழ்ச்சியை அறியாது. முதன்மையாய்த் தேறிய மாணவர்க்கு நாம் பரிசளிக்கின்றோம், நன்று. பள்ளியை இடையிலே விட்ட பிள்ளையின் பெயர் எந்த மதிப்பெண் பட்டியலிலும் இராதே! அவனைத் தேடுவார் யார்?

ஆதலின் கிளைதோறும் வீடு வீடாகச் சென்று, படிப்பை நிறுத்திய பிள்ளை உண்டா, மருந்துக்கு வழியற்ற நோயாளி உண்டா, சம்பாதிப்பவரை இழந்த வீடு எது, ஆதரவற்ற முதியோர் யார் என நான்கு வினாக்களைக் கேட்டெழுதுமாறு வேண்டுகிறேன். பெயர்களை வெளியிடுதல் கூடாது. மானம் வறியோர்க்கும் உண்டு. எண்ணிக்கை மட்டும் அடுத்த ஆண்டுக் கூட்டத்தின் முன் வைக்கப்படுக. நம் நிதி எவ்வாறு பங்கிடப்படல் வேண்டும் என்பதை அவ்வெண்களே நமக்கு உரைக்கும்.