காவல் பணியில் உயிர் நீத்தோருக்கு நம் கடமை



புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

ஆண்டுதோறும் அக்டோபர் 21 அன்று நம் நாடெங்கும் காவலர் வீரவணக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. 1959ஆம் ஆண்டு அதே நாளில், லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில், திரும்பி வராத தம் தோழர்களைத் தேடிச் சென்ற காவலர்கள் மீது சீனப் படையினர் சுட்டதில் 10 பேர் மாண்டனர். அதன் நினைவே இந்நாள்.

மாற்றுச் சமயத்தவராக இறந்த ஒருவரைக் கண்ணியப்படுத்தலாமா என்று சிலர் ஐயுறலாம். ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது பெருமானார் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடையது என்று கூறப்பட்டதும், அதுவும் ஓர் உயிர்தானே என்னும் கருத்தில் வினவினார்கள். (புகாரி)

வேறு சிலருக்குக் காவல்துறையிடம் தாம் பட்ட கசப்பே தடையாக நிற்கிறது. ஒரு சமூகத்தார் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடலாகாது என்பது திருக்குர்ஆன் (5:8) தரும் போதனை. அநீதி இழைத்தவரைச் சட்டத்தின் முன் நிறுத்தக் கோருவது நம் உரிமை. அதற்காகக் கடமையில் மாண்டவரின் தியாகத்தை மறைப்பது நீதியாகாது.

2008 நவம்பர் 26 அன்று மும்பை தாக்கப்பட்ட இரவை எண்ணிப் பாருங்கள். உதவி சப்இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே வெறும் லத்தியுடன் சென்று, கொலையாளியின் துப்பாக்கிக் குழலைப் பற்றிக்கொண்டார். குண்டுகளைத் தம் உடலில் ஏற்றார். கொலையாளி உயிருடன் பிடிபட்டான். கொல்லப்பட்ட தாக்குதல்காரர்களைத் தங்கள் மையவாடியில் அடக்க மும்பை முஸ்லிம்கள் மறுத்தனர். அப்பாவிகளைக் கொன்றோர் பக்கம் நாம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

சகோதரர்களே! கண்ணியம் என்பது மலர்வளையத்தோடு முடிவதன்று. ஹிஜ்ரி 8இல் முஅத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்ததும், அவர் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். (அபூதாவூத், திர்மிதி) துயரில் ஆழ்ந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். தந்தையை இழந்த அப்பிள்ளைகளுக்குத் தாமே பொறுப்பென்றும் அறிவித்தார்கள்.

உங்கள் ஊரில் பணியின்போது இறந்த காவலரின் குடும்பம் இருக்கிறதா? ஜமாஅத்தார் அவ்வீட்டு வாசலை மிதித்ததுண்டா? அப்பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டதுண்டா? அண்டை வீட்டாரின் உரிமையை நிறைவேற்ற ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே சென்று வாருங்கள்.

நன்றி மறவா உள்ளத்தை வல்ல ரஹ்மான் நமக்கு வழங்குவானாக! காவல் பணியில் நிற்போரை நேர்மையோடும் பாதுகாப்போடும் வாழச் செய்வானாக! ஆமீன்.