ஒரகடத்து வாயிலும் யோகோகாமா ஏடும்

(தாம்பரம் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஒரகடம் என்றதும் நமது உள்ளத்திலே பெருமிதம் எழுகிறது. எழத்தான் வேண்டும்! ஏரியும் வயலுமாக இருந்த வட்டாரம், இன்று கடல் கடந்த நாடுகளுக்குக் கார் அனுப்பும் வட்டாரம். தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் வைகறைப் பொழுதிலே, சீருடை அணிந்து, தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் இளைஞர்களை நீங்கள் அறிவீர்கள். உங்களிலே பலர் அவர்களைப் பெற்றவர்கள். அந்த இளைஞனின் நாளைய வேலை எங்கே முடிவாகிறது? ஒரகடத்திலா? கோட்டையிலா? இல்லை, தோழர்களே! நெடுங்காலம் அது யோகோகாமாவிலே, நிசான் நிறுவனத்தின் கணக்கேட்டிலே முடிவாயிற்று.

கல்லூரியைப் பாதியிலே விட்டவன், நாடகம் எழுதுபவன், கணக்குப் பேச வந்துவிட்டானே என்று எண்ணாதீர்கள். இந்தக் கணக்கிலே நாடகம் இருக்கிறது!

1990ஆம் ஆண்டு ஜப்பானியர் தம் நாட்டிலே வாங்கிய வண்டிகள் 77 இலட்சத்துக்கும் மேல். 2024இலே அது ஏறத்தாழ 44 இலட்சம். மக்கள்தொகை குறைகிறது, முதியோர் பெருகுகின்றனர், வாங்குவார் யார்? ஆகவே முதலாளி கப்பலேறினான். 2007 முதல், ஜப்பானியக் கார் நிறுவனங்கள் உள்நாட்டிலே செய்வதைவிட வெளிநாட்டிலே செய்வது மிகுதி. அந்நாட்டு அரசு, கடல் கடந்த துணை நிறுவனங்களின் விற்பனையை மூன்று திங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. அவர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். நாம் திறப்புவிழாவிலே கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறோம்!

சுசுகியைப் பாருங்கள். 1983இலே மாருதி காரோடு வந்தது. இன்று ஜப்பானிலே விற்பதைப்போல இரு மடங்குக்கும் மேல் இந்தியாவிலே விற்கிறது. தாய்வீட்டைத் தாங்கும் மகளாகிவிட்டது மாருதி. அத்தகைய மகளை எவரும் கைகழுவ மாட்டார்கள்.

நிசான் கதை வேறு. 2008இலே ஒப்பந்தம், 2010 மார்ச்சிலே திறப்புவிழா. முதலீடு 4,500 கோடி ரூபாய், ஆண்டுக்கு 4 இலட்சம் வண்டி செய்வது குறிக்கோள். பின்னாளிலே பங்கு, நிசானுக்கு 51, பிரான்சு நாட்டு ரெனால்டுக்கு 49 என்று இருந்தது. மலிவு விலைக் கார் என்று 2014இலே டாட்சனைக் கொணர்ந்தார்கள், 2022இலே நிறுத்திவிட்டார்கள். 2024-25ஆம் ஆண்டிலே நிசான் இந்தியாவிலே விற்றது ஏறத்தாழ 28,000. கப்பலேற்றியது ஏறத்தாழ 71,000. நம் கையால் செய்த வண்டியை நம் தெருவிலே காண்பதரிது! வேற்று நாட்டுச் சந்தை இருமினால், ஒரகடத்துக்குக் காய்ச்சல்.

அதே ஆண்டிலே தாய்நிறுவனத்துக்கு நட்டம் 67,090 கோடி யென். 20,000 பேரைக் குறைப்போம், 17 ஆலைகளைப் பத்தாக்குவோம் என்று அறிவித்தது. 1961இலே தொடங்கிய ஒப்பாமா ஆலையிலேயே உற்பத்தியை நிறுத்துவதென முடிவு செய்தது. பெற்ற பிள்ளைக்கே அந்தக் கதி! வளர்ப்புப் பிள்ளைக்கு? 2025 மார்ச்சிலே, ஒரகடத்துப் பங்கு முழுவதையும் ரெனால்டுக்கு விற்பதாகச் செய்தி வந்தது. அவ்வாண்டிலேயே ஆலை கைமாறிற்று. நிசான் வண்டிகள் அங்கே தொடர்ந்து உருவாகும் என்கிறார்கள். நன்று! ஆனால் முன்பு வீட்டுக்காரர், இப்போது வாடிக்கைக்காரர். வாடிக்கைக்காரர் நாளை கடை மாற்றலாம் அல்லவா?

ஆலை வேண்டாம் என்பதல்ல என் வாதம். அந்த மூடர் கூட்டத்திலே நான் இல்லை. வரட்டும், பெருகட்டும்! 2021 மே திங்களை மட்டும் மறவாதீர். கொரோனா கொன்று குவித்த நாளிலே, இடைவெளி விட்டு நிற்க இடங்கொடு என்று தொழிலாளர் உயர்நீதிமன்றம் சென்றனர். நிலுவை ஆர்டர்களை முடித்தாக வேண்டும் என்றது ஆலைத்தரப்பு. அந்தத் திங்களின் இறுதியிலே சில நாட்கள் ஆலை நின்றது. ஆர்டர் ஏடு எவ்வளவு வலியது என்று அன்றே கண்டோம். அந்த ஏட்டை நாம் படிக்க வேண்டாமா?

ஆகவே, தொழிற்சங்கத் தோழர்களே, அடுத்த ஊதியப் பேச்சுக்குப் போகும்போது மூன்று தாள்களைக் கேளுங்கள்: உள்நாட்டு விற்பனை, ஏற்றுமதி விற்பனை, நிசான் எத்தனை ஆண்டுக்கு எத்தனை வண்டி வாங்க உறுதி தந்திருக்கிறது என்பது. மூன்றாவது தாளைத் தரத் தயங்குவார்கள். அதைத்தான் முதலிலே கேட்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரையும் உடன் அமர்த்திக்கொண்டு கேளுங்கள். வண்டி குறைந்தால் முதலிலே வாயிலுக்கு வெளியே நிற்கப் போகிறவர் அவர்.