தவறினாலும் நிற்காதே



பியானோவில் ஐந்தாம் கிரேட் தேறிய பிள்ளையிடம் ஒரு புதுப் பாட்டின் இசைத்தாளை நீட்டிப் பாருங்கள். பல பிள்ளைகள் திகைத்து நிற்கிறார்கள். காரணம், ஆண்டு முழுவதும் தேர்வுக்குரிய மூன்று பாடல்களையே மனப்பாடமாக வாசித்து வந்ததுதான்.

நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் எழுதும் ஏபிஆர்எஸ்எம் பிராக்டிக்கல் தேர்வில் மொத்தம் 150 புள்ளிகள். அதில் 'சைட் ரீடிங்' என்னும் பார்த்தவுடன் வாசிக்கும் அங்கத்திற்கு 21 புள்ளிகள். புதிய தாளைப் பார்த்துக்கொள்ள அரை நிமிடம் தருவார்கள். ஷார்ப், ஃபிளாட் எத்தனை, தாளம் என்ன, கை எங்கே இடம் மாறுகிறது என்பதை அதற்குள் கவனிக்க வேண்டும்.

இதற்குப் பயிற்சி எளிது. தினமும் பத்து நிமிடம், தம் நிலையைவிட எளிதான, இதுவரை பார்க்காத ஒரு பகுதியை மெதுவாக, தாளத்தை எண்ணியபடி வாசிக்கலாம். விரல் ஓரிடத்தில் இருக்க, கண் அடுத்த கட்டத்தில் இருக்கட்டும். பார்டோக் எழுதிய 'மைக்ரோகாஸ்மோஸ்' 6 தொகுதிகளில் 153 பாடங்கள் எளிதிலிருந்து கடினத்திற்குப் படிப்படியாகச் செல்கின்றன.

சமையலறையிலிருந்து "தப்பு, மறுபடியும் முதலிலிருந்து வாசி!" என்று பெற்றோர் குரல் கொடுத்தால், பிள்ளை நின்று போகத்தான் பழகும். ஒரு சுரம் தவறலாம்; தாளம் நிற்கக்கூடாது. அந்தப் பத்து நிமிடம் மட்டும் திருத்தாமல் கேளுங்கள். தேர்வு முடிந்த பிறகும் பியானோ மூடிக் கிடக்காது.