கேடும் ஈடும்
(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் புலவர் ஒருவர் ஆற்றிய உரை)



'கெடு' முதல் நீண்டு 'கேடு' ஆகும்; 'இடு' அவ்வாறே 'ஈடு' ஆகும். இரண்டும் முதனிலை திரிந்த தொழிற்பெயர்கள். கேடு நேர்ந்தவிடத்து ஈடு இடப்படல் வேண்டும், அதுவே நயன்மை. ஆனால், கேடு செய்தவர் எவருமிலர் எனில், ஈடு இடுவார் யார்? தடுப்பூசி எழுப்பும் வினா இதுவே.

பல்லாயிரம் குழந்தைகளைக் காக்கும் ஊசி, மிக அரிதாய் ஒரு குழந்தைக்குக் கேடு விளைப்பதும் உண்டு. ஆக்கியவர் பிழையின்றி ஆக்கியிருப்பார். மருத்துவர் பழுதின்றி இட்டிருப்பார். ஆயினும் கேடு கேடே!

அமெரிக்க ஒன்றிய நாடுகளில், 1980-களின் தொடக்கத்தில், தொண்டை அடைப்பான், கக்குவான், இசிவு எனும் மூன்றையும் தடுக்கும் ஊசியின்மேல் வழக்குகள் பெருகின. பெற்றோர் நயன்மன்றப் படிகளில் அலைந்தனர். ஆக்குநர் சிலர் அஞ்சித் தொழிலையே விட்டனர், விலை ஏறிற்று, ஊசிக்கே தட்டுப்பாடு வந்தது. கெட்ட குழந்தைக்கு ஈடில்லை; மற்றைக் குழந்தைகட்குக் காப்பில்லை!

ஆகவே, 1986-இல் சட்டம் இயற்றினர். 1988-இல் அது நடப்புக்கு வந்தது. குற்றத்தைத் தேடாது கேட்டை உசாவுவதே அதன் நெறி. ஊசி தடுக்கும் நோய் ஒன்றுக்கு முக்கால் தாலர் வரி. மூன்று நோய்க்கு 2.25 தாலர். அவ் வரி திரண்ட வைப்பிலிருந்தே ஈடு. பலர் இட்ட சிறுதுளி, ஒருவர் துயரைத் தாங்குகின்றது. பட்டியலிற் கண்ட கேடு குறித்த காலத்துள் தோன்றின், வேறு கரணியம் காட்டப்பட்டாலன்றி, ஊசியால் வந்ததெனவே கொள்ளப்படும்.

ஈடு பெற்றோருள் பாதிக்கு மேற்பட்டோர் தீர்ப்பாலன்றி, இருசாரார் உடன்பாட்டாலேயே பெற்றனர். உடன்பாடு, 'ஊசியே கேட்டிற்குக் கரணியம்' என்னும் ஒப்புதலன்று. இதனை மறைத்து, தொகையை மட்டும் கூட்டிக்காட்டி அச்சம் பரப்புவார் உளர். கேட்டதற்கெல்லாம் ஈடு கிடைத்ததும் இல்லை: ஊசியால் மதியிறுக்கம் வந்ததென்ற எடுத்துக்காட்டு வழக்குகள், 2009-இல் சான்றின்மையால் தள்ளப்பட்டன.

குறையும் உண்டு. கேடு தோன்றிய மூன்றாண்டுக்குள் முறையிடாதார்க்கு வாயில் அடைபடும். உசாவும் தனி நடுவர் எண்மர்க்கு மேற்படச் சட்டம் இடந்தரவில்லை. வழக்குகளோ ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. இறப்புக்கென 1986-இல் வகுத்த 2,50,000 தாலர், விலைவாசி பன்மடங்கு ஏறிய பின்னும் பல்லாண்டுகளாக ஏறவே இல்லை. ஊசியின் அமைப்பையே பிழையெனக் காட்டி ஆக்குநர்மேல் வழக்கிடும் வழியையும் 2011-இல் உச்ச நயன்மன்றம் அடைத்துவிட்டது. பெருவாயிலை அடைத்தவர், சிறுவாயிலையேனும் அகலத் திறத்தல் வேண்டாவா?

ஊரைக் காக்கத் தன் சிறு தோளை நீட்டிய குழந்தைக்கு ஊர் தருவது இரக்கமன்று, கடன். கேட்டை மறைப்பது காப்பன்று. பெருக்கிப் பேசுவது அறமன்று. கேடு உண்டெனில் காலத்தே ஈடும் உண்டென்னும் உறுதியே, அடுத்த தாயை அச்சமின்றித் தன் மகவின் தோளை நீட்டச் செய்யும்.